வீட்டுரிமைக்கு ஒரு சுவரோவியம்: அமெரிக்க ஊர்களில் இந்தப் பணியில் முதன்முறை இறங்குவோருக்கு

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரை இனமோ நிறமோ மதமோ பிறந்த நாடோ பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. நியாய வீட்டுவசதிச் சட்டம் (Fair Housing Act) என்ற பெயரில் 1968 முதல் இது மத்தியச் சட்டம். ஆனாலும், "இப்பதான் வேற ஒருத்தருக்குக் கொடுத்தோம்" என்ற ஒற்றைப் பதிலோடு திரும்பி வருகிற பல குடும்பங்களுக்குப் புகார் கொடுக்க ஓர் இடம் இருப்பதே தெரிவதில்லை. அவர்கள் கண்ணில் படும்படி அந்தச் செய்தியை வைக்கவும், இந்த வட்டாரம் எல்லோருக்கும் உரியது என்று பலரும் சேர்ந்து சொல்லவும் சுவரோவியம் நல்ல வழி. உங்கள் தமிழ்ச் சங்கமோ வார இறுதித் தமிழ்ப் பள்ளியோ அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து இதைச் செய்ய நினைத்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இத்தகைய முயற்சிகள் வரைய ஆளில்லாமல் நிற்பது அரிது. முதலில் ஓர் அழகான படத்தை முடிவுசெய்து, அதைச் சமூக ஊடகத்தில் போட்டு, பிறகு சுவரையும் அனுமதியையும் தேடப் புறப்படுவதால்தான் நிற்கின்றன. படம் கடைசியில் வரட்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் நாள்காட்டி

சட்டம் கையெழுத்தானது 1968 ஏப்ரல் 11-ஆம் தேதி. அதனால் ஏப்ரல் மாதத்தை நியாய வீட்டுவசதி மாதமாகக் கடைப்பிடிக்கிறார்கள். திறப்பு விழாவை அந்த மாதத்தில் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அக்ரிலிக் பூச்சுக்குச் சுவரும் காற்றும் 50 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும், இரவிலும்கூட. சிகாகோ, டெட்ராய்ட், மினியாபொலிஸ் போன்ற ஊர்களில் மார்ச், ஏப்ரல் இரவுகள் அதற்கு ஒத்துவரா. குளிரில் பூசிய அக்ரிலிக் பார்க்க உலர்ந்ததுபோல் இருக்கும். உள்ளே படலம் சேர்ந்திருக்காது. அடுத்த குளிர்காலத்தில் தூளாக உதிரும்.

வட மாநிலங்களில் இருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வரைந்து முடித்து, அடுத்த ஏப்ரலில் விழா வையுங்கள். அல்லது ஏப்ரலில் வடிவமைப்பை மட்டும் வெளியிட்டுப் பணம் திரட்டி, கோடையில் வரையுங்கள். அரிசோனா, டெக்சஸ் பக்கம் கணக்கு தலைகீழ். கோடையில் சுவர் கொதிக்கும், வண்ணம் தூரிகையிலேயே காயும். அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

சொந்தக்காரர் ஒப்புதலுக்கு ஒன்று முதல் இரண்டு மாதம், நகர அனுமதிக்கு ஒன்று முதல் மூன்று மாதம், கூட்டங்களுக்கும் வடிவமைப்புக்கும் இரண்டு மாதம், சுவரைச் சீர்செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், வரைய இரண்டு முதல் மூன்று வாரம் ஒதுக்குங்கள். பணம் திரட்டுவது இவற்றோடு சேர்ந்தே நடக்கும். ஆக, சுமார் 5 முதல் 9 மாதம். மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அனுமதி இல்லாமல் வரையப் போகிறார் என்று பொருள்.

2. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மத்தியச் சட்டம் ஏழு அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது: இனம், நிறம், மதம், பிறந்த நாடு அல்லது பூர்வீகம், பாலினம், உடற்குறை, பிள்ளைகள் உள்ள குடும்பம். முதல் நான்கும் 1968-இல் வந்தவை. பாலினம் 1974-இலும் கடைசி இரண்டும் 1988-இலும் சேர்ந்தன. மாநிலங்களும் நகரங்களும் இதற்கு மேல் சேர்த்திருக்கின்றன. இல்லினாய் மாநிலத்தில் 2023 ஜனவரி 1 முதல், அரசு வாடகை உதவி உட்பட வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டி மறுக்க முடியாது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதியையும் பட்டியலில் சேர்த்தது. அது வீட்டுவசதிக்கும் பொருந்தும். எனவே இணையத்தில் கிடைத்த பட்டியலை அப்படியே சுவரில் எழுதாதீர்கள். உங்கள் ஊருக்கான பட்டியலை உள்ளூர் நியாய வீட்டுவசதி மையத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலான பெருநகரங்களில் அப்படி ஒரு லாப நோக்கற்ற மையம் இருக்கும். அவர்களையே திட்டத்தில் கூட்டாளியாகச் சேர்ப்பது இன்னும் நல்லது.

புகாருக்குக் காலக்கெடு உண்டு. மத்திய வீட்டுவசதித் துறையான ஹட்டிடம் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் தர வேண்டும். நேரே நீதிமன்றம் போவதென்றால் இரண்டு வருடம். பார்ப்பவருக்கு உடனே உதவப்போகும் செய்தி இதுதான். ஓவியத்தை ஒட்டி வைக்கும் பலகையில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கதையையும் இங்கே பேசியாக வேண்டும். நம்மவர் வாட்ஸப் குழுக்களில் "தமிழ்க் குடும்பத்துக்கு மட்டும்", "இந்துக்களுக்கு முன்னுரிமை" என்று வீட்டு விளம்பரங்கள் வருகின்றன. உரிமையாளர் தாமும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடத்துக்குச் சட்டத்தின் பல பிரிவுகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விளம்பரத் தடைக்கு அந்த விலக்குக் கிடையாது. ஒரே வீட்டுக்குள் அறையைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவது வேறு. அது இந்தச் சட்டத்துக்குள் வராது என்று 9-ஆவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. நியாய வீட்டுவசதிக்கு ஓவியம் வரையும் சங்கத்தின் குழுவிலேயே இப்படி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஓவியத்தை யாரும் நம்ப மாட்டார்கள். வண்ணம் வாங்குவதற்கு முன் குழு விதிகளைத் திருத்துங்கள்.

3. சுவரும் சொந்தக்காரரும்

முதல் பொறி: கடைக்காரர் "தாராளமா வரையுங்க" என்று சொல்லிவிடுவார், நீங்களும் மகிழ்ந்து போவீர்கள். அவர் வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். கவுன்டி சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் பதிவான உரிமையாளர் பெயர் வரும். அது எல்.எல்.சி. நிறுவனமாக இருந்தால், கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிறுவனப் பதிவேட்டில் பாருங்கள். கடைக்காரரின் சம்மதமும் வேண்டும். ஆனால் கையெழுத்து உரிமையாளருடையது.

இரண்டாவது பொறி இதைவிட மோசம். அந்த உரிமையாளர் மீதே வாடகைதாரர் வழக்கோ பாகுபாட்டுப் புகாரோ இருக்கலாம். கவுன்டி நீதிமன்றப் பதிவேட்டில் அவர் பெயரையும் நிறுவனப் பெயரையும் தேடுங்கள். உள்ளூர் வாடகைதாரர் சங்கத்திடம் கேளுங்கள். ஓவியம் வந்த கையோடு மேல்மாடி வாடகையை ஏற்றி, விளம்பரத்தில் அதே ஓவியத்தைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய சுவர் எவ்வளவு அகலமாக, எவ்வளவு நல்ல இடத்தில் இருந்தாலும் வேண்டாம்.

வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதி என்றால் தனியாக ஓர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. இதுவரை பூசப்படாத செங்கல் சுவருக்கு அவர்கள் பெரும்பாலும் சம்மதிப்பதில்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடமென்றால் அதன் கட்டட ஒப்புதல் குழுவிடம் முதலில் போங்கள். பாலத்தடி, தடுப்புச் சுவர் போன்ற அரசுச் சுவர்களுக்கு வாடகை இல்லை, ஆனால் காத்திருப்பு நீளும். போக்குவரத்துத் துறை ஒப்புதலுக்கு ஆறு மாதம் கூடுதலாகப் போடுங்கள்.

சுவர் ஒப்பந்தத்தில் இவை இருக்க வேண்டும்: ஓவியம் குறைந்தது எத்தனை ஆண்டு இருக்கும் (ஐந்துக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள்), பராமரிப்பு யார் பொறுப்பு, சுவரில் நீர்க்கசிவு வந்தால் சரிசெய்வது யார், பணிக்காலத்தில் வண்டிகள் நிறுத்துமிடத்தை விடுவதற்கான சம்மதம், கட்டடம் கைமாறினால் புதிய உரிமையாளரையும் கட்டுப்படுத்துமா. கடைசியது வெறும் வரியாக இருந்தால் போதாது. ஒப்பந்தத்தை அனுபவ உரிமைப் (ஈஸ்மென்ட்) பத்திரமாக எழுதிக் கவுன்டி பதிவாளரிடம் பதிவுசெய்தால்தான் வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தும். வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்க்கச் செய்யுங்கள். கலைஞர்களுக்கு இலவசமாக உதவும் வழக்கறிஞர் அமைப்புகள் பல மாநிலங்களில் உள்ளன.

4. நகர அனுமதி: ஓவியமா, விளம்பரப் பலகையா?

பெரும்பாலான நகரங்களில் இரண்டுக்கும் வேறு வேறு விதி. சுவரில் வணிகப் பெயரோ சின்னமோ விற்பனைச் செய்தியோ வந்தால் அது விளம்பரப் பலகைக் கணக்கில் போய்விடும். அளவுக் கட்டுப்பாடும் கட்டணமும் வேறு. பணம் கொடுத்த வங்கியின் சின்னத்தை ஓவியத்தின் மூலையில் போட்டதால் விண்ணப்பம் திரும்புவது வாடிக்கை. நன்கொடையாளர் பெயர், தொலைபேசி எண், சட்ட விவரம் எல்லாவற்றையும் தனிப் பலகைக்கு மாற்றுங்கள். ஓவியத்தில் எழுத்து வேண்டுமென்றால் ஒன்றிரண்டு சொற்களோடு நிறுத்துங்கள்.

திட்டமிடல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இந்த முகவரியின் மண்டலத்தில் சுவரோவியத்துக்குப் பதிவு வேண்டுமா, அனுமதி வேண்டுமா? எழுத்துக்கு வரம்பு உண்டா? அக்கம்பக்கக் கூட்டம் கட்டாயமா, அதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? ஓவியம் குறைந்தது எத்தனை காலம் மாறாமல் இருக்க வேண்டும்? லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு ஆண்டு, போர்ட்லண்டில் ஐந்து ஆண்டு என்று ஊருக்கு ஊர் மாறும். பதிலை மின்னஞ்சலிலும் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் தேவையில்லை" என்று சொன்னவர் ஆய்வுக்கு வரும்போது இருக்க மாட்டார்.

வண்ணங்களையும் படத்தின் பொருளையும் பற்றி நகராட்சி கருத்துச் சொல்லும் ஊர்களும் உண்டு. விண்ணப்பத்தோடு சுவரின் நிழற்படம், அளவு குறித்த வரைபடம், பூச்சு வகை, உரிமையாளர் கையெழுத்து ஆகியவை போக வேண்டும். நடைபாதையில் சாரமோ லிஃப்டோ (ஆளை உயர்த்தும் இயந்திர மேடை) நிறுத்தத் தனி அனுமதி தேவை; இதை மறந்துவிட்டு வரையும் நாளன்று வேலையை நிறுத்தியவர்கள் நிறைய.

5. பணம்

40 அடி நீளம், 15 அடி உயரம், அதாவது 600 சதுர அடி கான்கிரீட் பிளாக் சுவரை எடுத்துக்கொள்வோம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எந்தத் தலைப்பையும் விட்டுவிடாதீர்கள்.

ஓவியருக்கு வடிவமைப்புக் கட்டணம்: 2,500 டாலர்
ஓவியருக்கும் உதவியாளருக்கும் வரையும் கூலி: 7,000
சுவரைக் கழுவி, பழுது பார்த்தல்: 2,000
பிளாக் ஃபில்லர் (பிளாக்கின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு), பிரைமர், வண்ணங்கள், தூரிகைகள்: 1,800
மேல்பூச்சு: 700
சிஸர் லிஃப்ட், இரண்டு வாரம்: 1,200
பொறுப்புக் காப்பீடு: 800
அனுமதிக் கட்டணங்கள்: 300
தகவல் பலகை: 400
கூட்டங்களுக்கு உணவு, மொழிபெயர்ப்பாளர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள்: 800
எதிர்பாராச் செலவு, பத்து சதவீதம்: 1,750
பராமரிப்பு வைப்பு: 1,000

ஆக 20,250 டாலர். சதுர அடிக்குச் சுமார் 34. இலவசமாக வரைந்து தர ஓவியர் முன்வந்தாலும் கூலியைக் கொடுங்கள். வீட்டு வாடகை கட்டத் திணறுகிறவர்களைப் பற்றிய ஓவியத்துக்கு, வாடகை கட்ட வேண்டிய ஒரு கலைஞரைச் சம்பளமில்லாமல் உழைக்கச் சொல்வது சரியில்லை.

நகரக் கலைக்குழுவின் சிறுநிதி, மாநிலக் கலை மன்றம், உள்ளூர்ச் சமூக அறக்கட்டளை ஆகியவற்றைக் கேளுங்கள். இவை பெரும்பாலும் 501(சி)(3) தகுதியுள்ள, அதாவது வரிவிலக்குப் பெற்ற லாப நோக்கற்ற அமைப்புக்கே பணம் தரும். உங்கள் சங்கத்துக்கு அந்தத் தகுதி இருந்தால் அக்கம்பக்கக் குழுவுக்கு அதுவே நிதிப் பொறுப்பாளராக நிற்கலாம். இதுதான் ஒரு தமிழ்ச் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. நிதி பெரும்பாலும் கட்டம் கட்டமாகவோ வேலை முடிந்த பிறகோ வரும். லிஃப்ட் வாடகை முன்பணம் கேட்கும். கையிருப்பு இல்லாமல் தொடங்கினால் நடுவில் நிற்கும். ஓவியரிடம் டபிள்யூ-9 படிவத்தை (அவருடைய வரி எண்ணைத் தரும் படிவம்) முதல் காசோலைக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

வீட்டுமனை நிறுவனங்கள் நன்கொடை தர முன்வரும். வாங்குவதற்கு முன் உரிமையாளருக்குச் செய்த அதே தேடலை அவர்களுக்கும் செய்யுங்கள்.

6. ஓவியர், ஒப்பந்தம், படம்

எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை படத்தின் பதிப்புரிமை ஓவியருடையது. அவரிடமே இருக்கட்டும், அஞ்சலட்டை, டி-ஷர்ட், இணையதளம் ஆகியவற்றில் பயன்படுத்த உங்களுக்கு உரிமம் மட்டும் எழுதி வாங்குங்கள். அதற்கப்பால், 1990-ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டப்படி, தகுதியுள்ள ஓவியத்தைச் சிதைக்கவோ அழிக்கவோ ஓவியரின் வாழ்நாள் முழுதும் தடை உண்டு, அவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தாலொழிய. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஒரு கட்டடத்திலிருந்த ஓவியங்களை முன்னறிவிப்பின்றி வெள்ளையடித்த உரிமையாளர் 67.5 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்தது. கட்டட உரிமையாளர்களின் வழக்கறிஞர்கள் இதனாலேயே இந்த உரிமையை ஓவியர் முழுவதும் விட்டுக்கொடுக்கும்படி கேட்பார்கள். அப்படி முழுவதும் விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாக, அழிப்பதற்கு 90 நாள் முன் எழுத்தில் அறிவிப்பு, படமெடுத்துப் பதிவுசெய்ய அவகாசம் என்று பேசி முடியுங்கள். இரு தரப்புக்கும் அது ஏற்கத்தக்கது.

கூட்டங்களை மூன்று வையுங்கள்: கேட்க ஒன்று, மாதிரியைக் காட்ட ஒன்று, திருத்தியதைக் காட்ட ஒன்று. முதல் கூட்டத்துக்குப் படம் எதையும் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் பேச்சு முழுவதும் அந்தப் படத்தைப் பற்றியே போகும். "இந்தத் தெருவுக்கு எப்போது வந்தீர்கள், வீடு எப்படிக் கிடைத்தது, எங்கே மறுத்தார்கள்" என்று கேளுங்கள். மாலை ஏழு மணிக்கு நூலகத்தில் கூடினால் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டுமே வருவார்கள். அடுக்ககத்தின் சலவை அறையிலும் ஞாயிறு மதியத்திலும் வைத்தால் வாடகைக்கு இருப்பவர்கள் வருவார்கள்.

பன்முகத்தன்மை என்றதும் பல நிறக் கைகள், பூமிப் பந்து, ஒவ்வொரு நாட்டு உடையிலும் ஒரு பிள்ளை என்று படம் வந்து நிற்கும். எந்த ஊர்ச் சுவருக்கும் பொருந்தும் படம் எந்த ஊரையும் சொல்வதில்லை. டெட்ராய்ட்டில் 8 மைல் சாலைக்கு அருகே, கறுப்பின மக்களின் குடியிருப்பை வெள்ளையருக்கான புதுக் குடியிருப்பிலிருந்து பிரிக்க 1941-இல் அரை மைல் நீளத்துக்கு எழுப்பிய சுவர் இன்றும் நிற்கிறது. 2006-இல் அதன் ஒரு பகுதியில் வட்டாரத்தினர் வரைந்தவற்றில் வண்ண வண்ண வீடுகளும், சோப்புக்குமிழி ஊதும் பிள்ளைகளும், பேருந்தில் ஏறும் சம உரிமைப் போராளி ரோசா பார்க்ஸும், நியாய வீட்டுவசதி கேட்டுப் பதாகை பிடித்தவர்களும் இருக்கிறார்கள். பிரிக்கக் கட்டிய சுவரிலேயே அது இருப்பதால் விளக்கமே தேவைப்படுவதில்லை. உங்கள் தெருவிலும் அப்படி ஏதாவது இருக்கும். எல்லோரும் நிற்கும் பேருந்து நிறுத்தம், பல மொழிப் பெயர்கள் ஒட்டிய அஞ்சல் பெட்டி வரிசை, படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்ட சக்கர நாற்காலிச் சரிவு, சாவி கைமாறும் கணம். அவற்றை வரையுங்கள்.

உண்மையான முகங்களை வரைந்தால் எழுத்தில் சம்மதம் வேண்டும். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. நிலுவையில் புகார் உள்ள வாடகைதாரரின் முகத்தை அவரே விரும்பினாலும் வேண்டாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம்தான், ஆனாலும் நடக்கிறது. ஹட் துறையின் முத்திரையை அனுமதியின்றிப் போடக்கூடாது. வீட்டுக்குள் சமக்குறி இருக்கும் சம வாய்ப்புச் சின்னத்தைப் பலகையில் போடலாம்.

தமிழ் எழுத்து சேர்ப்பதாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தமிழ் தெரியாத ஓவியரின் மென்பொருளில் ஒட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே மிதக்கும், "வீடு" என்பதில் ஈகாரக் குறி கழன்று வட்டம் ஒன்று தோன்றும். யூனிகோட் எழுத்தை அனுப்பாமல், நீங்களே சரியாகத் தட்டி, வடிவக் கோடுகளாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். சுவரில் பென்சில் கோடு போட்டதும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் நேரில் போய்ப் பார்த்த பிறகே வண்ணம் தொட வேண்டும். இந்தி, ஸ்பானிஷ், அரபி, வியட்நாமியம் எதுவானாலும் அந்தந்த மொழிக்காரர் ஒருவர் இதைச் செய்ய வேண்டும்.

7. சுவரைத் தயார்செய்தல்

சுவரை வைத்துத்தான் சித்திரம். பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது இந்த வேலைதான். ஐந்தாண்டில் உரியும் ஓவியங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமும் இதுதான்.

முதலில் ஈரம். 18 அங்குலச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் சுவர் நனைந்திருக்கிறது. உப்புப் பூத்து வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலும் அதே பொருள். சுரண்டிவிட்டுப் பூசினால் மீண்டும் பூக்கும், வண்ணத்தையும் தள்ளிக்கொண்டு வரும். மேலே கைப்பிடிச் சுவரின் மூடுகல் விரிசல், உடைந்த மழைநீர்க் குழாய், தரையோடு நிற்கும் தண்ணீர் ஆகிய மூன்றையும் பாருங்கள். கசிவை அடைத்த பிறகு சுவர் காய வாரங்கள் ஆகும்.

பழைய பூச்சு இருந்தால் கத்தியால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பூச்சு டேப்போடு வந்தால் அது தாங்காது, அகற்ற வேண்டும். கட்டடம் 1978-க்கு முந்தியது என்றால் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. குடியிருப்பிலும் சிறு பிள்ளைகள் புழங்கும் கட்டடத்திலும் வெளிப்புறம் 20 சதுர அடிக்கு மேல் ஈயப் பூச்சைக் கலைக்கும் வேலையை ஈ.பி.ஏ. (மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்று பெற்ற நிறுவனத்திடம் விடுங்கள். தன்னார்வலர்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, இந்த வேலைக்கு அருகிலேயே விடாதீர்கள்.

கழுவ 1,500 முதல் 2,000 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். பழைய செங்கல்லில் சுண்ணாம்புக் காரை இருந்தால் அதற்கும் குறைவாக. அதிக அழுத்தம் காரையைக் குடைந்து எடுத்துவிடும். கழுவியபின் இரண்டு மூன்று உலர்ந்த நாட்கள் விடுங்கள். புதிய சிமெண்டுப் பூச்சு இருந்தால் 28 நாட்கள்.

கான்கிரீட் பிளாக் சுவர் நிறையக் குடிக்கும். பிளாக் ஃபில்லர் ஒரு கேலனுக்கு 75 முதல் 100 சதுர அடிதான் வரும். 600 சதுர அடிக்கு 6 முதல் 8 கேலன். அதன்மேல் பிரைமர் 3 கேலன். டப்பாவில் எழுதியிருக்கும் 400 சதுர அடி வழுவழுப்பான பரப்புக்கான கணக்கு, அதை நம்பி வாங்கினால் பாதிச் சுவரில் நிற்பீர்கள். வண்ணம் இரண்டு கை பூச, எல்லா நிறமும் சேர்த்து 8 கேலன் அளவு.

வண்ணம் முழு அக்ரிலிக்காக, ஒளித்தாங்கு திறன் முதல் அல்லது இரண்டாம் தரமாக இருக்க வேண்டும். வீட்டுப் பெயிண்ட் கடையில் கலந்து தரும் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் தெற்குப் பார்த்த சுவரில் சீக்கிரம் வெளுக்கும். செம்மண் நிறங்களும் நீலமும் நிற்கும். தோல் நிறங்களைக் கலக்கும்போது ஒவ்வொன்றையும் தேவையைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கலந்து, மூடியில் எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். மறுநாள் அதே நிறத்தைக் கொண்டுவருவது அனுபவசாலிக்கும் கடினம்.

8. வரையும் நாட்கள்

ஊரே சேர்ந்து வரைய வேண்டும், ஆனால் யாரும் சாரத்தில் ஏறக் கூடாது. இதற்கு நல்ல வழி பாலிடாப் என்னும் நெய்யாத துணி. பாராசூட் துணி என்றும் சொல்வார்கள். ஃபிலடெல்ஃபியாவின் சுவரோவியக்காரர்கள் இதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். 5 அடிக்கு 5 அடி துண்டுகளாக, நம் 600 சதுர அடிக்கு 24 துண்டு. பள்ளிக்கூடக் கூடத்தில், முதியோர் இல்லத்தில், சங்க விழாவில் மேசைமேல் விரித்து வரையலாம். சக்கர நாற்காலியில் வருபவரும் வரையலாம். குளிர்காலத்திலும் வேலை நடக்கும். வெயில் காலம் வந்ததும் பயிற்சி பெற்றவர்கள் அக்ரிலிக் ஜெல் தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். மேடுபள்ளமான பிளாக் சுவரில் ஃபில்லர் நன்றாக இல்லையென்றால் விளிம்பு தூக்கிக்கொள்ளும். அதையும் கணக்கில் வையுங்கள்.

துண்டில் கோடு போட்டு ஒவ்வொரு பகுதிக்கும் எண் எழுதி, அதே எண்ணிட்ட கோப்பைகளில் வண்ணம் ஊற்றி வைத்தால் தூரிகை பிடித்தே பழகாதவரும் வரைவார். எண்களைப் பென்சிலில் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் அக்ரிலிக்கைத் துளைத்துக்கொண்டு மேலே வரும், எத்தனை கை பூசினாலும் தெரியும். ஒரு துண்டுக்கு நான்கு பேர், ஒரு மேசைக்கு மேற்பார்வையாளர் ஒருவர். எல்லாத் தன்னார்வலரிடமும் ஒரு பக்கப் படிவம் வாங்குங்கள்: காயப் பொறுப்பு, நிழற்பட அனுமதி, தான் வரைந்த பகுதிக்குத் தனி உரிமை கோருவதில்லை என்ற ஒப்புதல்.

சுவரில் வேலை செய்வோருக்கு: 10 அடிக்கு மேல் சாரமென்றால் கைப்பிடிக் கம்பி அல்லது பாதுகாப்புப் பட்டை, மின்கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளியே எல்லாம். லிஃப்ட் ஓட்டுபவருக்குப் பயிற்சிச் சான்று வேண்டும். காப்பீட்டில் சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் வரம்பை நகரமும் உரிமையாளரும் பெரும்பாலும் கேட்பார்கள். இருவர் பெயரையும் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த சான்றிதழ் வேலை தொடங்கும் நாளுக்கு முன் கையில் இருக்கட்டும்.

9. மேல்பூச்சு, பலகை, பராமரிப்பு

கிறுக்கல்களிலிருந்து காக்கும் மேல்பூச்சு இரண்டு வகை. ஒன்று மெழுகு போன்றது. கிறுக்கினால் வெந்நீரில் கழுவும்போது அதுவும் சேர்ந்து போகும், மீண்டும் பூச வேண்டும். மற்றது கெட்டியான பாலியூரிதேன். பலமுறை கழுவலாம், ஆனால் சுவரை மூச்சுவிட விடாது. ஈரம் ஏறும் பழைய செங்கல்லில் அதைப் பூசினால் ஓவியம் பாளம் பாளமாக வரும். சந்தேகம் இருந்தால் முதல் வகையே நல்லது. பூசுவதற்கு முன் ஓவியம் முழுவதும் உலர, தயாரிப்பாளர் சொல்லும் நாட்களைக் குறைக்காதீர்கள்; விழாத் தேதிக்காக அவசரப்பட்டால் பூச்சு பால்நிறமாக மங்கும்.

பலகை நிற்பவர் கண்ணுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதில் பாதுகாக்கப்படும் அடிப்படைகளின் பட்டியல், ஒரு வருடக் காலக்கெடு, ஹட் புகார் எண் 1-800-669-9777, உள்ளூர் மையத்தின் எண் ஆகியவை வட்டாரத்தில் பேசும் மொழிகளில். நன்கொடையாளர் பெயர்கள் கீழே, சிறிய எழுத்தில். பலகையைத் திருகாணியில் மாட்டுங்கள், பசையில் ஒட்டாதீர்கள். சட்டம் மாறும், எண்ணும் மாறும்.

மீந்த வண்ணங்களை உறையாத இடத்தில் வைத்து, நிறப் பட்டியலை இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். கிறுக்கலை இரண்டு நாளுக்குள் அழித்துவிடுங்கள். விட்டால் அடுத்தது வரும். பாகுபாட்டு வசைச் சொல் எழுதப்பட்டிருந்தால், அழிக்கும் முன் தேதியோடு படமெடுத்து, காவல் துறையிடமும் நியாய வீட்டுவசதி மையத்திடமும் பதிவுசெய்யுங்கள். முதல் குளிர்காலம் முடிந்ததும் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ஏப்ரலில் ஒருமுறை சுவர் ஓரங்களையும் தரையை ஒட்டிய இரண்டடியையும் பாருங்கள். உரிதல் அங்கேதான் தொடங்கும். அதே நாளில் பலகையில் உள்ள எண்கள் ஒவ்வொன்றையும் நீங்களே அழைத்து, மறுமுனையில் யார் எடுக்கிறார்கள், எந்தெந்த மொழியில் பதில் கிடைக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.